மருந்தை நிறுத்திய எலிகளும் தேறின

இன்று காலை தஞ்சாவூர்க் கீழவாசலில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் ஃபோன் போட்டுச் சொல்லியிருப்பேன். இல்லையே, எழுதுகிறேன்.

சுக்கும் திப்பிலியும் வாங்கத்தான் போனேன். அவர் பொட்டலம் கட்டும்போது அலமாரியில் ஒரு லேகிய டப்பா கண்ணில் பட்டது. முறுக்கிய மீசையோடு ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற படம். கீழே, 'நீர்முள்ளி சேர்ந்தது. ஆய்வகத்தில் எலிகளிடம் நிரூபிக்கப்பட்டது.' எடுத்து மூடியைத் திறந்தேன். நெய், வெல்லம், அதற்கு அடியில் நீர்முள்ளி விதையின் அந்தப் பச்சை வாசம். நம் கல்லூரியின் எலிக்கூடம் அப்படியே எழுந்து வந்து எதிரில் நின்றது.

"எந்த ஆய்வகத்துலங்க நிரூபிச்சாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க செஞ்சதும்மா. நமக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்ங்க. எலிக்கு இதைக் கொடுத்துப் பாத்ததே நாங்கதான். இதுல போட்டிருக்கிற மாதிரி நடக்கலை."

அவர் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்தார். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. வீட்டுல யாருக்காச்சும் வேணும்னா ஒரு டப்பா எடுத்துக்குங்க, குறைச்சுத் தர்றேன்."

பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன் அந்த டப்பாவுக்குத்தான் கை நீட்டினான். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "தம்பி, இதை வாங்குறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில ஒரு சோதனை பண்ணிக்க. வேற எதுக்காச்சும் மாத்திரை சாப்பிட்டா அதையும் டாக்டர்கிட்ட சொல்லு." அவன் முகம் சிவந்துபோய் நகர்ந்துவிட்டான். கடைக்காரர் கத்தினார். நானும் கத்தினேன். இந்த வயதில் கடைத்தெருவில் நின்று ஒரு பொம்பளை பேசுகிற பேச்சா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு நமக்குப் புதிதா என்ன?

அந்த ஆய்வுத் தலைப்பை முதன்முதலில் நம் பேராசிரியர் சொன்ன நாள் உனக்கு நினைவிருந்திருக்கும். ஆய்வு மாணவர்கள் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார். சில மாத்திரைகள் நோயைத் தீர்த்தாலும் ஆண் எலிகளின் பிள்ளை பெறும் ஆற்றலைக் கெடுத்துவிடுகின்றன. அப்படிக் கெட்டதை நீர்முள்ளி விதைச் சாறு மீட்குமா என்று பார்க்க வேண்டும். யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் வாய்விட்டுச் சொன்னான்: "ஊர்ல என்ன ஆராய்ச்சி பண்றேன்னு கேட்டா என்னத்த சார் சொல்றது?"

"நாங்க எடுத்துக்கிறோம் சார்" என்றாய் நீ.

'நாங்க' என்றது என்னையும் சேர்த்து என்று வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "என்னடி, என்னைக் கேக்காம சேத்துட்ட?" என்றேன். "ஒத்தையா நின்னு கேலி வாங்குறத விட ரெண்டு பேரா வாங்கலாம்ல" என்றாய். தலையில் போட்டிருந்த முந்தானை நழுவ நழுவச் சிரித்தாய்.

கேலி வந்தது. எலிக்கூடக் கதவில் எவனோ சாக்பீஸால் 'லாட்ஜ் வைத்தியர்' என்று எழுதி வைத்தான். நான் துணியை நனைத்துக்கொண்டு துடைக்கப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டு, அதன் கீழேயே எழுதினாய்: 'காலை பத்து மணி முதல். ஆண்கள் மட்டும் வரவும்.' அந்த எழுத்து மழைக்காலம் வரை கதவில் இருந்தது. அதற்குப் பிறகு ஒருவனும் எழுதவில்லை.

உன் வீட்டில் சொன்ன விதத்தைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. மன்னார்குடிக்குக் கிழக்கே உங்கள் அத்தாவின் ஜவுளிக்கடை. நானும் அன்று உன்னோடு வந்திருந்தேன். கடையில் ஆள் இருக்கும்போதே அத்தா கேட்டார்: "என்னம்மா எழுதப் போறே?" நீ குரலைத் தாழ்த்தவே இல்லை. "ஆம்பளைங்களுக்குப் புள்ளை இல்லாமப் போறது ஏன்னு அத்தா." துணி விரித்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. வாங்க வந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். பிறகு அத்தா துணியை மடித்துக்கொண்டே, "யாராச்சும் எழுதத்தானே வேணும். நல்லா எழுது" என்றார். நான் என் அப்பாவிடம் 'எலிக்கு வைத்தியம்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். பண்ணை வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர் அவர். அதற்கு மேல் அவர் கேட்டதும் இல்லை.

எலிக்கூடம் விலங்கியல் துறை மாடியின் கடைசி அறை. அரிசி ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக உமி வரும். கூண்டுகளில் அதைப் பரப்புவது என் வேலை. வளைந்த குழாயால் ஒவ்வொரு எலியின் வாயிலும் மருந்து விடுவது உன் வேலை. என் கை நடுங்கும், உன் கை நடுங்காது. குடல் புண்ணுக்குக் கொடுக்கிற சல்ஃபா வகை மாத்திரை ஒன்றைத்தான் நாம் ஆண் எலிகளுக்குக் கொடுத்தோம். சில கூண்டுகளுக்கு மாத்திரை மட்டும். சிலவற்றுக்கு மாத்திரையோடு நீர்முள்ளிச் சாறும். இன்னொரு வரிசைக்குக் கொஞ்ச காலம் மாத்திரை கொடுத்துவிட்டு அதை அப்படியே நிறுத்திவிடுவது, சாறும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த வரிசை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நீ. "ஒண்ணும் செய்யாம விட்டா என்ன ஆகும்னு தெரியாம, செஞ்சதால ஆச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்று பேராசிரியரிடமே கேட்டாய். அவர் சரி என்று தலையாட்டினார். அன்று அவருக்கு அதில் ஒன்றும் கஷ்டம் தெரியவில்லை.

பிறகு பெண் எலிகளைச் சேர்த்துவிடுவோம். மாத்திரை தின்ற ஆண்களோடு இருந்த பெண்கள் பல, குட்டி போடவே இல்லை. அதே பெண் எலிகளை மாத்திரை தின்னாத ஆண்களோடு விட்டால் வரிசையாகக் குட்டி போட்டன. பஞ்சுத் துண்டு மாதிரி இளஞ்சிவப்பாக நெளிந்த குட்டிகளைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னாய்: "பாத்தியா, இவளை யாரும் மலடின்னு சொல்லி ஆத்தா வீட்டுக்கு அனுப்பலை. ஆம்பளையை மாத்திப் பாத்தோம். இவ்வளவுதான்."

எலிகளைக் கொன்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய நாள்களில் மட்டும் நீ பேச மாட்டாய். அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவும் மாட்டாய். "நாம சாகடிச்சிருக்கோம். அதுக்காகவாச்சும் பொய் சொல்லக் கூடாது" என்றாய். அந்த வாக்கியம் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறதென்று அப்போது இருவருக்கும் தெரியாது.

நீர்முள்ளி விதை பறிக்க நாம் பாமணி ஆற்றங்கரைக்குப் போனது ஒரு தை மாதம். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. வாய்க்கால் ஓரமெல்லாம் முள்ளும் ஊதாப் பூவுமாக நீர்முள்ளி மண்டிக் கிடந்தது. கை முழுக்கக் கீறலோடு அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம்.

அக்காவுடையது மேடை போட்டு, தாலி இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட கல்யாணம். மாமா கழகத்துக்காரர். கோட்டையில் கழக ஆட்சி. ஊருக்கு ஊர் கொடிக்கம்பம். ஒவ்வொரு கம்பத்தடியிலும் மாமாவைப் போல வெள்ளைச் சட்டையோடு ஒருவர் பெண்ணுரிமை பேசிக்கொண்டிருந்த காலம். நிலச் சண்டையும் ஓயவில்லை. மாமாவின் அப்பா காலத்திலிருந்து ஒரு பண்ணையாரின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்து வந்தார்கள். சட்டம் வந்து, குத்தகைதாரர் பெயரைப் பதிந்து, இனி யாரும் வெளியேற்ற முடியாது என்றாகிவிட்டது. ஆனால் பண்ணையின் ஏஜெண்டு விடுவதாக இல்லை. அறுப்புக்கு அறுப்பு வம்பு. கூலிக்காரர்கள் சங்கம் சேர்ந்தால் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்குவான். குத்தகைக்காரர்களைத் தனித்தனியாக மடக்கிப் பேசுவான். மாமாவிடம் அவன் புதிதாக ஓர் ஆயுதம் கண்டுபிடித்திருந்தான்.

"வாரிசு இல்லாதவனுக்கு நிலம் எதுக்குப்பா? உனக்கப்புறம் எங்களுக்குத்தானே வரப்போவுது. இப்பவே எழுதிக் கொடுத்துட்டா கௌரவமாப் போயிரும்."

இந்தப் பேச்சு அத்தையின் காதில், அதாவது அக்காவின் மாமியார் காதில், விழுந்து வீட்டுக்குள் வேறு உருவம் எடுத்தது. வாரிசு வேண்டும், இவள் பெற மாட்டாள், அப்படியானால் இன்னொருத்தி. பேராவூரணிப் பக்கம் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். அக்கா நமக்குச் சோறு பரிமாறும்போது அத்தை அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் மாடத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டார். நீ கை கழுவிவிட்டு வந்து அந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நானும் படித்தேன். நாம் எலிக்குக் கொடுப்பது.

வேண்டாம் என்று உன் முழங்கையைப் பிடித்தேன். நீ கையை உதறினாய்.

"அண்ணே, இந்த மாத்திரையை எவ்வளவு நாளா சாப்பிடுறீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தியே சாப்பிடுறேம்மா. வயித்துல புண்ணு. ரத்தமாப் போவும். இது இல்லாட்டி நடமாட முடியாது."

"அக்காவை எந்த எந்த டாக்டர்கிட்டக் காட்டுனீங்க?"

அத்தை பெருமையாகவே சொன்னார். மன்னார்குடி, தஞ்சாவூர், திருவாரூர். ஒரு கோயில் விடவில்லை. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும்கூடப் போயாயிற்று.

"அண்ணனை எந்த டாக்டர்கிட்டக் காட்டுனீங்க?"

அத்தை எழுந்தார். "ஏம்மா, நீ யாரு வீட்டுப் பொண்ணு? கல்யாணம் ஆவாத பொண்ணு பேசுற பேச்சா இது? ஆம்பளைகிட்டக் கேக்குற கேள்வியா?"

"ஆம்பளைகிட்டத்தாங்க கேக்கணும்" என்றாய். உன் குரல் உயரவில்லை. "இந்த மாத்திரை எலிக்கு என்ன பண்ணுதுன்னு நாங்க தினமும் பாக்குறோம். எலிக்கு நடக்கிறது மனுஷனுக்கும் நடக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். அண்ணன் ஒரு தடவை போய்ச் சோதிச்சுக்கட்டும். டாக்டரைக் கேக்காம மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க அண்ணே. அது உசுருக்கு ஆபத்து."

மாமா எழுந்து வெளியே போனார். நீ அதோடும் விடவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னாய்: "மேடையில பொண்ணுங்களுக்காகப் பேசுவீங்களாமே அண்ணே. வீட்டுலயும் ஒரு வார்த்தை பேசுங்க."

விதைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கும்போது உன்னைத் திட்டினேன். "என் அக்கா வாழ்க்கைடி. நீ பேசிட்டுப் போயிருவ, அவதான் அனுபவிப்பா." நீ சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாய். அக்கா பின்னாலேயே ஓடிவந்தாள், மூச்சு இரைக்க. என்னைப் பார்க்கவே இல்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வீட்டுல இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் கேக்கலை தங்கச்சி" என்றாள். அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டாள்.

வந்த வாரங்கள் மோசமாகப் போயின. மாமா வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார். அத்தை பேராவூரணிக்கு ஆள் அனுப்பினார். ஏஜெண்டுக்கு எப்படியோ சேதி தெரிந்து, 'பொண்டாட்டி சரி, இவன்தான் சரியில்லையாம்' என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். நான் பயந்த மாதிரியே எல்லாம் நடந்தது.

அறுப்பன்று ஏஜெண்டு வெளியூர் ஆள்களோடு வயலுக்கு வந்துவிட்டான். மாமா வயிற்று வலியில் படுத்திருந்தார். அக்கா கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் வரப்பில் நின்றாள். இதை எனக்குப் பக்கத்து வயலில் இருந்த பெண்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே உனக்கு நான் வந்து சொன்னேன். ஏஜெண்டு பழைய பாட்டையே பாடியிருக்கிறான். வாரிசு இல்லாத நிலம்.

அக்கா சொன்னாளாம்: "எம் புருஷன் உசுரோட இருக்காரு. நான் நிக்கிறேன். இந்த நாத்தை நட்டது என் கை. வாரிசை வேற எங்க போய்த் தேடுற?"

பக்கத்து வயல்காரிகள் அரிவாளோடு வந்து அவளோடு நின்றிருக்கிறார்கள். வந்த ஆள்களும் கூலிக்காரர்கள்தானே. ஒரு பொம்பளையை மிதித்துக்கொண்டு யார் வயலில் இறங்குவது என்று கரையேறிவிட்டார்கள். அன்று நெல் அக்கா களத்துக்கே வந்தது. நீ இதைக் கேட்டுக் கைதட்டினாய். எலிகள் மிரண்டு கூண்டுக்குள் ஓடின.

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு மதியம், கல்லூரி வாசலில் சைக்கிளோடு மாமா நின்றுகொண்டிருந்தார். கழகக் கரை வேட்டி கட்டவில்லை, சாதாரணக் கைலிதான். என்னைப் பார்த்து, "பாப்பா, உன் சிநேகிதியைக் கூப்பிடு" என்றார். நீ இறங்கி வந்தாய். மூன்று பேரும் வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் சைக்கிள் ஹேண்டிலையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னைக்கு வயல்ல அவ ஒத்தையா நின்னா. நான் படுத்துக் கெடந்தேன். எங்க போயி சோதிக்கணும்னு சொல்லுங்கம்மா."

"நாங்களும் வர்றோம் அண்ணே" என்றாய்.

தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் அவர் உள்ளே போனபோது நாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கல்யாணமாகாத பெண்கள் இருவர் அந்தப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருப்பதை வருவோர் போவோர் எல்லாம் பார்த்தார்கள். நீ ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கிவந்து நிதானமாகத் தின்றாய். எனக்கும் கொடுத்தாய். விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு என்று வந்தது. நடுத்தர வயது மருத்துவர் ஒருவர், மாத்திரையால் இப்படி ஆகக்கூடும் என்று தானும் படித்திருப்பதாகச் சொல்லி, குடல் புண்ணுக்கு வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார். வேறு ஒன்றும் தரவில்லை. காத்திருங்கள் என்றார்.

மாமா நேரே ஊருக்குப் போய், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்து டீக்கடையில், ஏஜெண்டும் இருக்கும்போதே, எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்: "எல்லாரும் கேட்டுக்குங்க. கொறை எங்கிட்டதான். எம் பொண்டாட்டிகிட்ட இல்லை. இனிமே எவனாச்சும் அவளைப் பேசுனா என்னைப் பேசுனதா அர்த்தம்." அவர் எத்தனையோ மேடைகளில் பேசியிருப்பார். அவர் பேசியதிலேயே பெரிய பேச்சு அதுதான் என்று நீ எப்போதும் சொல்வாய். பேராவூரணிப் பேச்சு அன்றோடு செத்தது.

இங்கே எலிக்கூடத்தில் நம் வேலையும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. மாத்திரையோடு நீர்முள்ளி தின்ற எலிகளுக்குக் கொஞ்சம் தேறியது போலத் தெரிந்தது. ஆனால் குட்டி போட வைக்க அது போதவில்லை. மாத்திரையை நிறுத்திய எலிகளோ, சாறு ஒரு சொட்டும் குடிக்காமலே, கொஞ்ச காலத்தில் தாமாகத் தேறிவிட்டன. அவற்றோடு விட்ட பெண் எலிகள் கூண்டு நிறையக் குட்டி போட்டன.

பேராசிரியர் முகம் வாடிப்போனது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நம் கூண்டுகளை வாங்கிக் கொடுத்தது ஒரு லேகியக் கம்பெனி. அதன் முதலாளி வந்து அறையில் உட்கார்ந்திருந்தார். எலிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டித் தருவதாகப் பேச்சு. பேராசிரியர் நம்மைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னார்: "அந்தக் கடைசி வரிசையை விட்டுடுங்கம்மா. கொஞ்சம் தேறுனதா தெரியுதுல்ல, அதை எழுதுங்க. அதுவும் உண்மைதானே."

"மாத்திரையை நிறுத்துன எலியும் தேறிடுச்சு சார். அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது பொய்" என்றாய்.

முதலாளி சிரித்தார். "இதுல யாருக்கும்மா நஷ்டம்? செடிதானே, யாரையும் கொல்லாது."

அவர் பக்கம் திரும்பினாய். "ஒரு ஆளு வேற மாத்திரையைத் தின்னுக்கிட்டே உங்க லேகியத்தையும் வருஷக்கணக்கா தின்னுக்கிட்டு இருப்பாருங்க. புள்ளை வராது. அப்புறம் என்ன சொல்வாங்க? ஆம்பளைக்குத்தான் மருந்து கொடுத்தாச்சே, அப்ப பொம்பளைக்குத்தான் கொறைன்னு சொல்வாங்க. நஷ்டம் யாருக்குன்னு இப்பத் தெரியுதுங்களா?"

"அப்ப வேற கைடு பாத்துக்குங்க" என்றார் பேராசிரியர். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

"சரிங்க சார்" என்றாய். இந்த முறை என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். 'நாங்க' என்று நீ சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்: "நாங்க பாத்துக்குறோம் சார்."

அந்த ஒரு வார்த்தைக்கு நாம் கொடுத்த விலை சின்னதில்லை. உதவித்தொகை நின்றது. எலிக்கூடச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நம் பெயரைக் கேட்டாலே மற்றக் கல்லூரிகளில் முடியாது என்று கையை விரித்தார்கள். நான் டுடோரியல் காலேஜில் பாடம் நடத்தினேன். உன் அத்தா மௌத்தாகிவிட, கடை கைமாற, நீ ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை ஆனாய். 'என்ன கிழிச்சீங்க ரெண்டு பேரும்' என்று சொந்தத்தில் கேட்காத ஆள் இல்லை. வேறு ஊரில் ஒரு பேராசிரியை நம்மை ஏற்றுக்கொள்வதற்குள் கூடப் படித்தவர்கள் எல்லாம் 'டாக்டர்' ஆகி, நம்மை வாசலில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற அளவுக்குப் பெரியவர்களாகியிருந்தார்கள்.

ஆனாலும் எழுதினோம். அந்த வரிசையோடுதான் எழுதினோம்.

உன் வாய்மொழித் தேர்வன்று அரங்கில் கூட்டம். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அக்காவும் மாமாவும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பள்ளிக்கூடம் போகிற மகளோடு. மருத்துவர் காத்திருக்கச் சொன்னார், காத்திருந்தார்கள், சோதனைக்கு மறு வருஷமே அந்தப் பெண் பிறந்தது. 'பொண்ணா' என்று அத்தை முதலில் முகத்தைச் சுருக்கினார் என்பதும், அன்று மாலையே பேத்தியைக் கீழே விடாமல் வைத்துக்கொண்டார் என்பதும் உனக்குத் தெரியும். நீர்முள்ளியால்தான் பிறந்தது என்று ஊரில் ஒரு கதை கிளம்பியது. மாமா ஒவ்வொருவரையும் நிறுத்தி மறுத்தார். "செடி ஒண்ணும் தின்னலைப்பா. மாத்திரையை மாத்துனேன்" என்று அலுக்காமல் சொன்னார்.

தேர்வாளர்களில் ஒருவர் உன்னைக் கேட்டார்: "இவ்வளவு வருஷம் பாடுபட்டு, இந்தச் செடி போதாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆராய்ச்சியாம்மா? இதால யாருக்கு லாபம்?"

நீ பின் வரிசையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவரை நேராகப் பார்த்துச் சொன்னாய்: "நடக்காததை நடக்குதுன்னு ஒருத்தர் நம்புனா, அந்த வீட்டுல ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு இருப்பா சார். அவளுக்கு லாபம்."

அரங்கில் முதலில் கைதட்டியது யார் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. கதவில் 'லாட்ஜ் வைத்தியர்' என்று எழுதியவன் என்று நாம் சந்தேகப்பட்டோமே, அவன்தான்.

நம் முடிவை யாரும் கொண்டாடவில்லை. அந்த லேகியக் கம்பெனி வேறு யாரையோ பிடித்து வேண்டியதை எழுதி வாங்கிக்கொண்டது. செடி மேல் எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கு யாராவது நேர்மையாகச் சோதித்து, நீர்முள்ளியில் இன்னது இருக்கிறது என்று காட்டினால் முதலில் சந்தோஷப்படுவது நாம்தான். அதுவரைக்கும் பொய்க்குப் பெயர் பொய்தான். நாம் தோற்றோம் என்று சிலர் சொல்வார்கள். அக்கா மகள் இப்போது அந்த நிலத்தில் சாகுபடி செய்கிறாள். குத்தகைப் பதிவு அவள் பெயரில். தோற்றவர்கள் யார் என்று அவளைப் போய்க் கேட்கட்டும்.

போன ஆடியில் உன்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தேன். கை மெலிந்து கிடந்தது. குரல் மட்டும் மெலியவில்லை. இளம் டாக்டர் ஒருவர் புது ஊசி போட வந்தார். "இது என்ன மருந்து டாக்டர்? எதுக்கு? வேற என்னென்ன செய்யும்?" என்று நீ வரிசையாகக் கேட்டாய்.

அவர் பாட்டிமாரிடம் பேசுகிற குரலில், "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா" என்றார்.

"கவலைப்படலைங்க. கேக்குறேன்" என்றாய்.

அவர் ஊசியை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுசாக விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. நீ எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் கையை நீட்டினாய். அதற்குப் பிறகு நீ அதிக நாள் இல்லை.

பின்னாளில் எனக்கு வந்த பதவி, மதிப்பு எல்லாம் ஓய்வு பெற்ற அன்றே கழன்றுவிட்டன. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட இந்தக் கேள்வி கேட்கிற பழக்கம் மட்டும் கழலவில்லை. போன வாரம் எங்கள் தெருவில் ஓர் அம்மா மருமகளை இழுத்துக்கொண்டு வந்து, கல்யாணமாகி இவ்வளவு காலமாச்சு, இவளை எந்த டாக்டரிடம் காட்டலாம் என்று கேட்டார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க பையனை எங்கம்மா? அவரை ஏன் கூட்டிட்டு வரலை?" என்றேன்.

அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. வந்த காபியைக் குடிக்காமலே எழுந்து, படியிறங்கும்போது என்னைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு போனார். பின்னால் போன மருமகள் மட்டும் வாசல் வரைக்கும் போய், தலை நிமிர்ந்து என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பேசட்டும். நான் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.